195 போதுமா, 205 போடலாமா? அதே ரிம்முக்குப் புது டயர் வாங்கும்போது

டயர் அளவு பற்றிய கேள்வியை நாமாகக் கேட்பது அபூர்வம். கடைக்காரர்தான் கேட்பார், அதுவும் கார் ஜாக்கியில் ஏறி நட்டெல்லாம் கழற்றின பிறகு. "அண்ணே, 195/65 இப்போ கையில இல்ல. 205/60 இருக்கு. இதே ரிம்ல உக்காரும், போட்டுடவா?" சிங்கப்பூரில் காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் இந்தக் கேள்வி ஆங்கிலமும் மலாயும் கலந்து வரும். எல்லை தாண்டி ஜோகூர் பாரு போனால் தமிழிலேயே வரும். பின்னால் இன்னொரு கார் காத்துக்கொண்டிருக்கும்போது யாருக்கும் யோசனை ஓடாது, 'சரி, போடுங்க' என்பதுதான் வாயில் வரும்.

ஆகவே வீட்டிலேயே கணக்குப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. எடுத்துக்காட்டுக்கு 195/65 ஆர்15 என்ற அளவையே வைத்துக்கொள்கிறேன். கொரோலா ஆல்டிஸின் சில வகைகள், மூன்றாம் தலைமுறை பிரியஸ் என்று சிங்கப்பூர்ச் சாலையில் தினமும் பார்க்கிற பல கார்களுக்கு இதுதான் கம்பெனி அளவு. ரிம்மின் விட்டம் 15 அங்குலம், அகலம் பெரும்பாலும் 6 அங்குலம். உங்கள் கார் வேறு அளவு என்றாலும் கணக்குப் போடும் விதம் இதேதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிம்மை மாற்றாதவர் டயர் அளவை மாற்ற அவசியமே இல்லை. அந்தப் பணத்தை டயரின் தரத்தில் போடலாம். இருந்தாலும் 205/60-க்கு ஒரு நியாயம் உண்டு, 205/65-க்கு வேறொரு நியாயம் உண்டு. 195/60-க்கு எந்த நியாயமும் கிடையாது.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 15 என்பது அது உட்காரும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவில் இருக்கிற 65தான் பலரை ஏமாற்றும். அது மில்லிமீட்டர் கிடையாது, சதவீதம். பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம் என்று அர்த்தம். 195-இல் 65 சதவீதம் 126.75 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 381 மி.மீ. ரிம். கூட்டினால் 634.5 மி.மீ. இதுதான் சக்கரத்தின் மொத்த உயரம், நாம் காப்பாற்ற வேண்டிய எண்.

ஏன் காப்பாற்ற வேண்டும்? கார் தன் வேகத்தையும் ஓடிய தூரத்தையும் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணித்தான் கணக்கிடுகிறது. சக்கரம் சிறியதானால் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று. பெரியதானால் குறைவு. டயர் தொழிலில் இருப்பவர்கள் மூன்று சதவீதம் வரை வித்தியாசம் பரவாயில்லை என்பார்கள். நான் இரண்டோடு நிறுத்திக்கொள்வேன்.

இப்போது 15 அங்குல ரிம்மில் நமக்கு நீட்டப்படும் அளவுகளை இதே கணக்கில் போட்டுப் பார்த்தால், 205/60 வருவது 627 மி.மீ., அதாவது 1.2 சதவீதம் சின்னது. 205/65 வருவது 647.5, இரண்டு சதவீதம் பெரியது. 215/60 வருவது 639, கிட்டத்தட்ட அதே உயரம். 185/65 என்றால் 621.5, இரண்டு சதவீதம் சின்னது. 195/60 என்றால் 615, மூன்று சதவீதத்துக்கும் மேலாகச் சின்னதாகிவிடுகிறது.

உயரம் ஒன்று மட்டும் போதாது. டயரின் மேல் அளவுக்குப் பக்கத்தில் 91எச் மாதிரி ஒரு குறி இருக்கும். 91 என்பது எடைக் குறியீடு, ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று பொருள். 88 என்றால் 560, 94 என்றால் 670. எச் என்பது வேகம், மணிக்கு 210 கி.மீ. வரை. நம் விரைவுச்சாலையில் உச்சமே 90, மலேசிய வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110. ஆகவே வேக எழுத்தை நினைத்து இங்கே யாரும் தூக்கம் கெட வேண்டாம், கம்பெனி சொன்னதற்குக் கீழே போகாமல் இருந்தால் சரி. எடைக் குறியீட்டைத்தான் விடாமல் பார்க்க வேண்டும். குறியீட்டில் சொன்ன முழு எடையை டயர் தாங்குவதும் அதற்குரிய முழுக் காற்று இருக்கும்போதுதான். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அளவு, காற்றழுத்தம் எல்லாம் அதில் இருக்கும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடையில் வாக்குவாதமே வராது.

மூன்றாவது, ரிம்மின் அகலம். இதைக் கண்ணால் பார்க்கச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அலாய் ரிம்மின் உள்பக்கம், ஆரக்காலுக்குப் பின்னால், பிரேக் தூசிக்கு அடியில் வார்ப்பிலேயே எழுதியிருக்கும்: 15 பெருக்கல் 6ஜே என்று. துணியால் துடைத்தால்தான் தெரியும். 6ஜே என்றால் 6 அங்குல அகலம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் இந்த அகலத்திலிருந்து இந்த அகலம் வரை என்று ஒரு வரம்பு உண்டு. 195/65-க்கு 5.5 முதல் 7 அங்குலம். 205/60, 205/65 இரண்டுக்கும் 5.5 முதல் 7.5. 185/65-க்கு 5 முதல் 6.5. 215/60-க்கு 6 முதல் 8. எல்லாமே 6 அங்குல ரிம்மில் உட்காரும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் உட்காருவது ஒன்று, பொருந்துவது இன்னொன்று.

இதற்கு நல்ல சாட்சி ஜோகூரில் கிடைக்கும். அங்கே பெரோடுவா மைவி கார் தெருவுக்கு நாலு நிற்கும். 2018க்குப் பிறகு வந்த 1.5 மைவிக்கு 185/55 ஆர்15 டயர். ஆகவே டாமான் பெலாங்கி பக்கம் எந்தக் கடைக்குப் போனாலும் 15 அங்குல டயர் என்றால் கண்முன் அடுக்கியிருப்பது அதுதான், விலையும் மலிவு. '15 தானே, நம்ம ரிம்மும் 15 தானே' என்று தோன்றும். ஆல்டிஸின் 6 அங்குல ரிம்மில் அது மாட்டவும் செய்யும். கணக்குப் போட்டால் உயரம் 584.5 மி.மீ., எட்டு சதவீதம் குறைவு. எடைக் குறியீடு 82, அதாவது 475 கிலோ. நான்கு பேரும் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு கடற்பாலத்தில் இரண்டு மணி நேரம் நிற்கிற காருக்கு இது ஆகாது. மைவிக்கு அது அருமையான டயர்.

195/60-ஐப் பற்றி நான் கடுமையாகப் பேசுவதும் இதே காரணத்தால்தான். அகலம் அதே 195, ரிம் அதே 15, நடுவில் ஐந்துதான் குறைகிறது என்று நினைக்க வைக்கும். எடைக் குறியீடு 91-லிருந்து 88-க்கு இறங்குகிறது, டயருக்கு 55 கிலோ போச்சு. கார் தரையிலிருந்து பத்து மி.மீ. இறங்குகிறது. பலமாடிக் கார்பார்க்கின் ஏற்றத்தில் முன் பம்பரின் அடி உரசும் கார்களுக்கு அந்தப் பத்து மி.மீ. சின்ன விஷயம் இல்லை. பக்கச்சுவர் குட்டையாவதால் ஹம்ப்பில் ஏறி இறங்கினால் முதுகுக்குத் தெரியும். இதற்கெல்லாம் பதிலாகக் கிடைப்பது என்ன? சக்கரம் சின்னதாகி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் கூடுதல் இடைவெளி. பார்க்கவும் நன்றாக இருக்காது.

185/65 இதைவிடக் கொஞ்சம் மேல். பெட்ரோல் மிச்சமாகும் என்று சிலர் போடுகிறார்கள். டயர் உருளுவதில் ஆகும் இழப்பு பெரும்பாலும் ரப்பரின் கலவையைப் பொறுத்தது, பத்து மி.மீ. அகலத்தைப் பொறுத்து அல்ல. அதே 195/65-இல் எரிபொருள் சிக்கனத்துக்கென்று செய்த டயர் எல்லாப் பெரிய கம்பெனியிலும் கிடைக்கிறது. எடைக் குறியீடு இதிலும் 88தான். விட்டுவிடலாம்.

இனி உண்மையான போட்டி: 195/65-ஆ, 205/60-ஆ?

205/60-க்குச் சாதகமானது என்று பார்த்தால், எடைக் குறியீடு பெரும்பாலும் அதே 91. ரிம் வரம்புக்குள் வசதியாக உட்காருகிறது. உயர வித்தியாசம் ஒன்றேகால் சதவீதம்கூட இல்லை. வேகமானி சொல்வதில் பெரிய மாற்றம் தெரியாது, தெரிந்தாலும் பத்திரமான பக்கம்தான், காட்டுவதைவிட உண்மை வேகம் குறைவாக இருக்கும். 1990களின் பி.எம்.டபிள்யூ 3 சீரிஸில் வந்த அளவு இது, புதிதாகக் கண்டுபிடித்த குறுக்குவழி ஒன்றும் இல்லை. 6 அங்குல ரிம்மில் 195/65 உண்மையில் 201 மி.மீ. அகலத்துக்குப் புடைத்து நிற்கும், 205/60 என்றால் 209. ஆக ஒரு பக்கத்துக்கு நான்கு மி.மீ. கூடுதல். மட்கார்டிலோ சஸ்பென்ஷனிலோ இடிக்கிற அளவு இல்லை. டயரும் ரிம்மும் மட்கார்டுக்கு வெளியே துருத்தக் கூடாது என்கிற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதியிலும் கம்பெனி ரிம்மோடு இருக்கும்வரை சிக்காது.

'205 போட்டால் ரோட்டை ஒட்டிக்கொண்டு போகும்' என்பது அடுத்த வாதம். இங்கே நான் கொஞ்சம் நிறுத்திக் கேட்பேன். பக்கச்சுவர் 126.75-லிருந்து 123-க்குக் குறைகிறது, நாலு மி.மீ.கூட இல்லை. வளைவில் டயர் மடங்குவது அதனால் பெரிதாகக் குறையாது. பின்னே ஏன் எல்லாரும் வித்தியாசம் தெரிகிறது என்கிறார்கள்? நாலைந்து வருடம் வெயிலில் காய்ந்து, பட்டன் (தரையைத் தொடும் வரிப்பள்ளங்கள்) தேய்ந்து, ரப்பர் கட்டையாகிப் போன டயரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு 195 போட்டிருந்தாலும் கார் புதுசாகத்தான் தெரிந்திருக்கும். புகழ் 205-க்குப் போய்விடுகிறது.

பெட்ரோல் கணக்கிலும் இதே மாதிரி ஒரு கண்கட்டு இருக்கிறது. என் மச்சான் தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறார், பெட்ரோல் ரசீதை ஒன்று விடாமல் எழுதி வைப்பார். "205/65 போட்டவன்லாம் பெட்ரோல் குடிக்குதுங்கிறான், 205/60 போட்டவன் சேவிங்கிறான். ரெண்டும் அதே அகலம்தானே மச்சான்?" என்றார். கேள்வி நியாயமானது. 205/60 சின்ன சக்கரம், அதிகமாகச் சுற்றும். கார் உண்மையில் ஓடியதைவிட 1.2 சதவீதம் அதிகம் ஓடியதாக மீட்டர் காட்டும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வகுத்தால் எண் அழகாக வரும். 205/65 பெரிய சக்கரம். மீட்டர் இரண்டு சதவீதம் குறைத்துக் காட்டும், உண்மையில் 14 கி.மீ. கொடுத்தாலும் கணக்கில் 13.7தான் வரும். ஆண்டுக்கு 17,000 கி.மீ. ஓடும் காரில் 340 கி.மீ. இப்படிக் கணக்கில் காணாமல் போகும். கூடுதல் அகலத்துக்கும் எடைக்கும் உண்மையிலேயே கொஞ்சம் பெட்ரோல் போகத்தான் செய்யும். ஆனால் ரசீதில் தெரிகிற வித்தியாசத்தில் ஒரு பகுதி வெறும் மீட்டர் வித்தியாசம். ஜிபிஎஸ்ஸில் ஒரு நீண்ட பயணத்தை அளந்து பார்த்தால் விளங்கிவிடும்.

மழை விஷயத்துக்கு வருகிறேன், இங்கே அதைவிட முக்கியமானது வேறொன்றும் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 2,100 மி.மீ. மழை பெய்கிற ஊர் இது. டிசம்பர் பருவமழை ஒரு பக்கம், விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து அடித்துக்கொண்டு வருகிற புயல்மழை இன்னொரு பக்கம். தீவு விரைவுச்சாலையில் எண்பதில் போகும்போது வைப்பர் முழு வேகத்தில் ஓடியும் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு மட்டும் தெரிகிற காலை நேரங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அகலமான டயர் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் என்றே பலர் நம்புகிறார்கள். டயர் தரையைத் தொடும் பரப்பு, தோராயமாகப் பார்த்தால், அதன் மேல் உள்ள எடையையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. ஒரு சக்கரத்தில் 350 கிலோ, காற்று 32 பிஎஸ்ஐ என்றால் 155 சதுர செ.மீ. போல வரும், ஓர் அஞ்சலட்டை அளவு. அகலத்தைக் கூட்டினால் இந்தப் பரப்பு கூடாது, வடிவம்தான் மாறும்: அகலம் கூடி நீளம் குறையும். தேங்கிய தண்ணீரில் அதன் பலன், டயர் ஒரே நேரத்தில் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டும், ஒதுக்கக் கிடைக்கும் நேரமோ குறைவு. ஆகவே தண்ணீர் மேல் மிதந்து வழுக்கும் ஆபத்து அகலத்தோடு கொஞ்சம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. வெறும் ஈரச் சாலையில், தண்ணீர் தேங்காத இடத்தில், 205 ஒரு நூல் மேலாக இருக்கலாம்.

ஆனால் 195-க்கும் 205-க்கும் உள்ள இந்த ஐந்து சதவீத வித்தியாசத்தை மற்ற இரண்டு விஷயங்கள் விழுங்கிவிடும். ஒன்று பட்டனின் ஆழம். புது டயரில் சுமார் 8 மி.மீ. இருக்கும், சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம். மூன்று மி.மீ.க்குக் கீழே போன பிறகு மழையில் எந்த அகலமும் கைகொடுக்காது. இன்னொன்று காற்று. விமானச் சக்கரங்களை வைத்து நாசா சோதித்துக் கொடுத்த பழைய சூத்திரம் ஒன்று உண்டு. வடிய வழியில்லாமல் தேங்கிய தண்ணீரில் டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதைக் காற்றழுத்தத்தை மட்டும் வைத்துச் சொல்லும். கார் டயருக்கு அது தோராயம்தான், இருந்தாலும் போட்டுப் பார்த்தால் 32 பிஎஸ்ஐக்கு மணிக்கு 94 கி.மீ., 26 பிஎஸ்ஐக்கு 85 கி.மீ. என்று வருகிறது. நம் விரைவுச்சாலையின் 90 சரியாக இரண்டுக்கும் நடுவில். பெட்ரோல் நிலையத்தில் காற்று அடிக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு 'மழைக்கு எந்த அளவு நல்லது' என்று விசாரிப்பதில் அர்த்தமில்லை.

இத்தனைக்கும் பிறகு 205/60 போடலாமா என்றால், போடலாம். கெடுதல் இல்லை. நான் போட மாட்டேன், காரணம் கிடைப்பதில் இருக்கிறது. 195/65 ஆர்15 உலகத்தில் மிக அதிகமாக ஓடுகிற அளவுகளில் ஒன்று. மெர்சிடிஸ் டபிள்யூ124, ஃபோல்க்ஸ்வாகன் கோல்ஃப், பிரியஸ் என்று தலைமுறை தலைமுறையாக வந்த அளவு. மிஷ்லின், பிரிட்ஜ்ஸ்டோன், கான்டினென்டல், யோகோஹாமா என எந்தக் கம்பெனியை எடுத்தாலும் இந்த அளவில் மலிவானதும் இருக்கும், நடுத்தரமும் இருக்கும், உயர்ந்ததும் இருக்கும். போட்டி இருப்பதால் விலையும் ஒழுங்காக இருக்கும். 205/60 ஆர்15 பழைய அளவு, புதிய கார்கள் அதை விட்டுப் போய்விட்டன. ஒரு கம்பெனியில் ஒரு மாடல் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஆறு மாதம் கழித்துக் கட்டுமானத் தளத்து ஆணி ஒன்று பக்கச்சுவரில் ஏறினால் ஒட்டுப் போட முடியாது, அதே மாடலில் ஒன்று வேண்டும். 195/65 என்றால் அன்றைக்கே கிடைக்கும். 205/60-க்குக் காத்திருக்க வேண்டும், அல்லது ஒரே அச்சில் இரண்டு வகை மாட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும், அல்லது நல்ல டயர் ஒன்றையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். கையில் இல்லாத அளவுக்குப் பதிலாக ஒன்றைப் போட்டுவிட்டு, அடுத்த முறை அந்தப் பதிலையே தேடி அலைவது நமக்கு எதற்கு? முழு அளவு ஸ்பேர் சக்கரம் வைத்திருப்பவர்களுக்கு அதுவும் வேறு அளவாக நிற்கும்.

205/65-இன் நியாயம் இதிலிருந்து வேறு. அங்கே கிடைப்பது உயரமும் எடை தாங்கும் திறனும். எடைக் குறியீடு 94, டயருக்கு 670 கிலோ. பக்கச்சுவர் 133 மி.மீ., கார் ஆறரை மி.மீ. மேலே நிற்கும். நாள் முழுக்கச் சாங்கி விமான நிலையத்திலிருந்து நான்கு பேரும் பெட்டிகளுமாக ஏற்றி இறக்கும் வாடகைக் கார் ஓட்டுநருக்கு, அல்லது மாதாமாதம் ஈப்போ வரை குடும்பத்தோடு போய்வருபவருக்கு, இந்தக் கூடுதல் மெத்தை உதவும். மச்சானுக்கு நான் சொன்னதும் இதைத்தான். ஆனால் மூன்று நிபந்தனை வைத்தேன். முன் சக்கரம் ஒன்றை மட்டும் முதலில் மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, உள்பக்கப் பிளாஸ்டிக்கில் உரசுகிறதா என்று கையை விட்டுப் பார்க்க வேண்டும். ஆள் ஏற்றியும் அதையே பார்க்க வேண்டும். அளவுக்குப் பின்னால் 'சி' என்ற எழுத்து இருந்தால் அது வேனுக்கான டயர், காருக்குப் போட்டால் கட்டை வண்டிதான், அதை வாங்கக் கூடாது. அப்புறம் வேகமானி. சக்கரம் பெரியதாவதால், முள் அதே எண்ணைக் காட்டும்போது உண்மை வேகம் முன்பைவிட இரண்டு சதவீதம் ஏறும். ஐநாவின் விதி 39-இன்படி செய்யப்பட்ட வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம். அதனால் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டியே வைக்கின்றன. முள் 90 காட்டும்போது ஜிபிஎஸ் 86 காட்டுகிற காரில், 205/65 போட்டால் ஏறக்குறைய 88 ஆகும். இன்னும் வரம்புக்குள்தான். ஆனால் 'நம்ம மீட்டர் எப்பவும் நாலு கூடவே காட்டும்' என்று மனக்கணக்குப் போட்டுக் கேமராவைத் தாண்டுகிறவர் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

215/60-ஐ உயரம் பொருந்துகிறது என்று சிலர் சிபாரிசு செய்வார்கள். 6 அங்குல ரிம் அதன் வரம்பின் கடைசி விளிம்பு. டயர் ரிம்மைவிடப் புடைத்துக்கொண்டு நிற்கும், வளைவில் பக்கச்சுவர் ஆடும். அகலத்துக்காகப் போட்டு, அகலத்தின் பலனை இழப்பது.

சரி, 16 அங்குலத்துக்கே மாறிவிட்டால்? 205/55 ஆர்16-இன் உயரம் 631.9 மி.மீ., நம் அளவுக்கு அரை சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. உங்கள் மாடலின் உயர்ந்த வகைக்குக் கம்பெனியே அந்த ரிம்மைக் கொடுத்திருந்தால் அது எல்லா விதத்திலும் சரியான மாற்று, 205/60-ஐவிட மேலானது. ஆனால் அது டயர் வாங்கும் பேச்சு இல்லை, ரிம் வாங்கும் பேச்சு. வாகன உரிமைச் சான்றிதழ் (காரை வைத்திருக்கத் தரும் சி.ஓ.இ.) முடிய இரண்டு வருடம் இருக்கிற காருக்கு ரிம் வாங்குவது ஆசைக்குச் செய்வது, செய்யட்டும். இன்னும் பத்து வருடத்துக்குப் புதுப்பித்தவருக்கு யோசிக்க இடமுண்டு. குட்டையான பக்கச்சுவர் என்பதால் கார்பார்க் வளைவில் ரிம் உரசாமல் ஓட்டப் பழக வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சான்றிதழின் மிச்ச காலம் டயரின் தரத்தையும் தீர்மானிக்கும். ஒரு வருடமே இருந்தால் உயர்ந்த வகை எதற்கு, நடுத்தரம் போதும். அதற்காகத் தேய்ந்த பழைய டயர் வாங்கி மாட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். யார் ஓட்டினார்கள், எத்தனை முறை காற்றில்லாமல் ஓடியது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மூன்று வயது தாண்டிய கார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பத்து வயது தாண்டினால் வருடா வருடம், சோதனைக்குப் போக வேண்டும். அங்கே டயரையும் பார்ப்பார்கள். புது டயர் வாங்கும்போதும் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. அதிகம் விற்காத அளவுகள் அலமாரியில் அதிக நாள் கிடக்கும், இது 205/60-க்கு எதிரான இன்னொரு சின்னக் காரணம்.

நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றக் காசு இல்லையென்றால் அளவை மாற்றும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். முன்னால் 205, பின்னால் 195 என்று போட்டால் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எண்ணும் சுற்றுகள் முன்னும் பின்னும் ஒத்துப்போகாது, மழையில் காரின் நடத்தையும் மாறும். அதே 195/65-இல் இரண்டு வாங்குங்கள். முன்சக்கர இழுவைக் கார் என்றாலும் புதிய இரண்டும் பின்னால்தான் போக வேண்டும். முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிடி திரும்பும். பின் டயர் வழுக்கினால் கார் சுற்றிக்கொள்ளும், அதைச் சமாளிக்க எல்லாராலும் முடியாது. பல கடையில் கேட்காமலே முன்னால் மாட்டிவிடுவார்கள், அதனால் ஜாக்கி ஏறுமுன் சொல்லிவிடுங்கள். நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கி விட்டுவிடாமல் முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து முடிக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன ஆல்டிஸ், மூன்றாம் தலைமுறை பிரியஸ் கார்களுக்கு 103 நியூட்டன் மீட்டர்.